மனச்சோர்வும் தியானமும்: எதை முதலில், எதை அப்புறம் செய்வது? முழுமையான வழிகாட்டி

"மனசு சரியில்லையா, தியானம் பண்ணு" என்று சொல்ல எல்லோருக்கும் தெரிகிறது. எப்போது தொடங்குவது, எத்தனை நிமிடம் செய்வது, எந்த நிலையில் உட்காரவே கூடாது என்று சொல்லத்தான் ஆளில்லை. எனக்கு மனச்சோர்வு மூன்று முறை வந்து போயிருக்கிறது. கடைசியாகத் தேறிய பிறகு, சில வருடங்களாக ஒரு சிறு குழுவில் புதிதாக வருகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பழக உதவுகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் புதியவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைப் பல தடவை பார்த்துவிட்டேன்.

பெரும்பாலும் வரிசைதான் தவறிப்போகிறது. கடைசியில் செய்ய வேண்டியதை முதல் நாளே எடுக்கிறார்கள். கண்ணை மூடி அரைமணி நேரம் உட்காருகிறார்கள், மனம் இன்னும் இருண்டு போகிறது. "தியானம்கூட எனக்கு வரல" என்று ஏற்கெனவே நொந்த மனசை இன்னும் நோகடிக்கிறார்கள். அதனால் கீழே உள்ள எண்களைத் தாண்டாமல் வாருங்கள்.

1. இன்று எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

நாம் "மன அழுத்தம்" என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் பயன்படுத்துகிறோம். ஆபீஸ் வேலை நெருக்குவதும் மன அழுத்தம், இரண்டு மாதமாகக் குளிக்கத் தோன்றாமல் கிடப்பதும் மன அழுத்தம். முதலாவது, காரணம் விலகினால் தானாக இறங்கிவிடும். இரண்டாவது நோய். இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி, எதிலும் ஈடுபாடில்லாமல் மனம் கவிந்து கிடந்து, அதோடு தூக்கம், பசி, தெம்பு, கவனம் எல்லாம் கெட்டிருந்தால் இரண்டாவதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஓரளவு கணித்துப் பார்க்க பி.எச்.கியூ-9 என்ற கேள்வித்தாள் உதவும். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. தமிழிலும் கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரத்தை நினைத்து நிரப்புங்கள். இது நோயை முடிவுசெய்யும் பரிசோதனை இல்லை, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைப்பது மாதிரி.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியும் கேட்கும். அதில் 0 தவிர எந்தப் பதில் வந்தாலும் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு இன்றே ஒருவரிடம் பேசுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் எண் 14416. இலவசம், எந்த நேரமும், தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் போனோடு நிற்காமல், யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்றவர்களுக்குக் கணக்கு இப்படி. 15 அல்லது அதற்கு மேல் என்றால் இப்போதைக்கு 2ஆம் படியும் 4ஆம் படியும் மட்டும் போதும். 10 முதல் 14 வரை என்றால் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரிசையாக வரலாம். அதற்கும் கீழே என்றால் எல்லாப் படிகளையும் மெதுவாகச் செய்யலாம். ஏற்கெனவே மூன்று முறையோ அதற்கு மேலோ வந்து, இப்போது தேறி, திரும்ப வந்துவிடுமோ என்று பயப்படுகிறவரா நீங்கள்? தியானம் அதிகம் கைகொடுப்பது உங்களுக்குத்தான்.

இதை ஆசைக்காகச் சொல்லவில்லை. ஜிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் என்ற மூவர் மனச்சோர்வுக்கென்றே, தியானத்தை அடிப்படையாகக் கொண்ட எட்டு வாரப் பயிற்சி ஒன்றை வடிவமைத்தார்கள். எம்.பி.சி.டி என்று அதற்குப் பெயர். அதன் முதல் பெரிய சோதனை 2000இல் வெளிவந்தது. அதில் சேர்ந்த 145 பேரும் அப்போது நோயிலிருந்து தேறியிருந்தவர்கள். மூன்று முறையோ அதற்கு மேலோ நோய் வந்தவர்களில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு அடுத்த 60 வாரத்துக்குள் திரும்ப வந்தது. பயிற்சியும் பெற்றவர்களில் அது 37 சதவீதம். இரண்டு முறை மட்டுமே வந்தவர்களிடம் அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை. கூரையை மழை விட்ட பிறகுதான் வேய முடியும், கொட்டும்போது ஏறினால் வழுக்கும். இந்த வழிகாட்டியின் வரிசை முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது.

2. மருத்துவரையும் மாத்திரையையும் முதலில் ஒழுங்கு செய்யுங்கள்

தைராய்டு குறைவு, பி12 குறைவு, ரத்தசோகை இவையெல்லாம் மனச்சோர்வு மாதிரியே சோர்வையும் மந்தத்தையும் தரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுவதை மூச்சைக் கவனித்துச் சரிசெய்யப் பார்ப்பது வீண். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. தனியாரிடம் போகப் பணமில்லை என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

மருத்துவரிடம் மறைக்கக் கூடாத மூன்று விஷயங்கள் உண்டு: எப்போதாவது தூக்கமே இல்லாமல், கட்டுக்கடங்காத உற்சாகத்தில் பல நாள் இருந்தது, யாரும் இல்லாதபோது குரல் கேட்டது, மறக்க முடியாத கொடுமை எதையாவது அனுபவித்தது. இவற்றில் ஒன்று இருந்தாலும் நீண்ட தியானம் தீங்காகலாம். அவர் அனுமதித்த பிறகே 5ஆம் படிக்கு வாருங்கள்.

இனி மாத்திரை. இங்கே நடக்கும் தவறு ஒன்று கிட்டத்தட்ட எல்லோரிடமும் ஒரே மாதிரி இருக்கிறது. மாத்திரையும் தியானமும் ஒரே வாரத்தில் தொடங்குவார்கள். மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஐந்தாவது வாரம் மனம் லேசானதும் பெருமை முழுவதும் தியானத்துக்குப் போய்விடும், மாத்திரை குப்பைக்கூடைக்குப் போய்விடும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் சுருக்சுருக்கென்று ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரலாம். நோயும் திரும்பலாம். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வது வழக்கம். குறைப்பது, நிறுத்துவது எல்லாம் எழுதிக்கொடுத்தவர் சொல்லித்தான்.

எனக்கு இது நடந்தது. ஒரு தியான வகுப்பில் கற்றுக்கொடுத்தவர், "மாத்திரை உள்ளே இருக்கும்வரை மனம் சுத்தமாகாது" என்றார். அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டேன். ஒன்றரை மாதத்தில் முன்பைவிட ஆழமாக விழுந்தேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. அதனால்தான் குழுவில் யார் சேர்ந்தாலும் முதல் கேள்வியாக மாத்திரையைப் பற்றிக் கேட்கிறேன்.

இங்கிலாந்தில் 424 பேரை இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்த சோதனை 2015இல் வெளிவந்தது. எட்டு வாரப் பயிற்சியோடு மருந்தைக் குறைத்தவர்களில் 44 சதவீதம் பேருக்கும், மருந்தையே தொடர்ந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. ஏறக்குறைய சமம். "தியானம் மருந்தைவிட மேல்" என்று யாராவது சொன்னால் இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களும் தேறிய பிறகு, மருத்துவர் துணையோடு, படிப்படியாகத்தான் குறைத்தார்கள்.

3. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கைப்பிடி இல்லாத சாதாரண நாற்காலி ஒன்று. பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். பத்மாசனம் தேவையில்லை. முட்டி வலியோடு போராடும் தெம்பு இப்போது உங்களிடம் இல்லை.

ஒரு நோட்டு. ஒரு நாளுக்கு ஒரு வரி எழுதினால் போதும்.

ஒரு மனிதர். அண்ணனோ, தோழியோ, பக்கத்து வீட்டு அக்காவோ, யாராவது ஒருவரிடம் "நான் இப்படி ஒன்று தொடங்குகிறேன், வாரம் ஒருமுறை எப்படி இருக்கிறாய் என்று கேள்" என்று சொல்லிவையுங்கள். நம் நிலை மோசமாவது நமக்குக் கடைசியில்தான் தெரியும். எதிரில் இருப்பவருக்கு முதலில் தெரிந்துவிடும்.

நேரம் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். "பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து உட்கார்" என்பது நல்ல எண்ணத்தோடு தரப்படும் அறிவுரைதான். ஆனால் மனச்சோர்வு உள்ள பலருக்கு அதிகாலைதான் நாளிலேயே மோசமான நேரம். மூன்று மணிக்கே விழிப்பு வந்து, வாழ்க்கையின் தோல்விகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அந்த நேரத்தில் இருட்டில் கண்ணை மூடி உட்காருவது அவற்றுக்கு நாற்காலி போட்டுக் கொடுப்பது போல. தூக்கத்தைக் குறைப்பதும் ஆபத்து. உங்களுக்கு எந்த நேரத்தில் மனம் கொஞ்சம் லேசாக இருக்கிறதோ அந்த நேரம்தான் உங்கள் நேரம். பலருக்கு அது மாலை ஐந்து, ஆறு மணியாக இருக்கும்.

4. முதல் வாரம்: உட்கார வேண்டாம், நடங்கள்

மனச்சோர்வு ஆளைப் படுக்கைக்கு இழுக்கும். படுக்கையில் கண்ணை மூடிக் கிடப்பதற்கும் அந்த நிலையில் கண்ணை மூடி உட்காருவதற்கும் மனத்துக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் முதலில் உடம்பு அசைய வேண்டும்.

தினமும் பத்து நிமிடம், வெளிச்சம் இருக்கும்போது, வீட்டுக்கு வெளியே நடங்கள். மொட்டைமாடியும் பரவாயில்லை. புறப்படும் முன் மனநிலைக்கு 0 முதல் 10க்குள் ஓர் எண் கொடுங்கள். திரும்பியதும் இன்னொன்று. இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். இரண்டாக இருந்தது மூன்று ஆனாலே பெரிய விஷயம்.

"மனசு வந்தால் நடக்கலாம்" என்று காத்திருப்பதுதான் இங்கே வரும் தவறு. இந்த நோயில் மனசு முதலில் வராது. செய்த பிறகுதான் பின்னாலேயே வரும். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்படி இறங்குவது மட்டும்தான் இன்றைய வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கிய பிறகு திரும்பிவிட்டாலும் நோட்டில் அது கணக்குதான்.

5. இரண்டாம் வாரம்: கண்ணைத் திறந்தபடி ஒரே ஒரு வேலை

நடையை விடாதீர்கள். அதோடு அன்றாடம் செய்யும் வேலை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை முழுக் கவனத்தோடு செய்யுங்கள். எம்.பி.சி.டி பயிற்சியில் முதல் வகுப்பே ஓர் உலர்திராட்சையைப் பார்த்து, தொட்டு, முகர்ந்து, மெதுவாகச் சாப்பிடுவதுதான். வீட்டில் அதற்குப் பதில் பாத்திரம் கழுவலாம். தண்ணீரின் குளிர்ச்சி, சோப்பு வழுக்குவது, தட்டு மோதும் சத்தம், இவ்வளவுதான். மனம் ஓடினால் கையில் இருக்கும் தட்டுக்குத் திரும்புங்கள்.

கண் திறந்திருப்பதற்குக் காரணம், கவனம் பிடித்துக்கொள்ள வெளியே ஒரு கொம்பு இருக்க வேண்டும் என்பதுதான். கொடிக்குக் கொழுகொம்பு மாதிரி. உள்ளே திரும்பினால் இப்போது அங்கே இருப்பது பெரும்பாலும் சுயவெறுப்பு.

குழுவில் ஒரு பெண் வந்து, "அக்கா, காபியோட ருசியே தெரியல, நான் தப்பா பண்றேனா?" என்றாள். ருசி தெரியாமல் போவது நோயின் குணம். "சூடு தெரியுது, ருசி தெரியல" என்று கவனித்ததே பயிற்சிதான். அவளுக்கு மூன்றாவது வாரம் ஏலக்காய் வாசனை தெரிந்தது. சொல்லும்போது அழுதுவிட்டாள், கேட்ட நானும்தான்.

6. மூன்றாம், நான்காம் வாரம்: நாற்காலியில் ஐந்து நிமிடம்

இப்போதுதான் உட்காருகிறோம். ஐந்தே நிமிடம்.

முதல் நிமிடம் பாதங்கள். தரையின் குளிர்ச்சி, அழுத்தம். அடுத்து நாற்காலி தாங்கும் இடங்கள், தொடை, முதுகு. பிறகு மடியில் கிடக்கும் கைகள். இதற்கெல்லாம் பிறகுதான் மூச்சு. வயிறு உயர்வதும் தாழ்வதும் தெரிகிறதா என்று பாருங்கள். கண்ணை முழுதாக மூடாமல், நான்கடி தள்ளித் தரையைப் பார்க்கும்படி பாதி திறந்து வையுங்கள். முடிக்கும்போது மறுபடி பாதங்களுக்கு வந்து, அறையில் இருக்கும் மூன்று பொருட்களைப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

பாதத்தில் தொடங்குவது ஏன்? பதற்றம் நெஞ்சிலும் தொண்டையிலும்தான் குடியிருக்கும். நேராக மூச்சுக்குப் போனால் அங்கேயே போய் இடிக்கும். சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே மூச்சு முட்டுவது போல இருக்கும். அப்படியென்றால் மூச்சை விட்டுவிடுங்கள். பாதமோ, மின்விசிறியின் சத்தமோ போதும். பயிற்சிக்குக் குறைவு ஒன்றும் இல்லை.

மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள், வேகப்படுத்தாதீர்கள். கபாலபாதி போன்ற வேகமான பிராணாயாமத்தை இதோடு கலக்க வேண்டாம். படபடப்பு உள்ளவர்களுக்கு அது படபடப்பைக் கூட்டலாம்.

இந்தப் படியில்தான் அதிகம் பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள். காரணம், "எண்ணமே வரக் கூடாது" என்ற நினைப்பு. ஐந்து நிமிடத்தில் ஐம்பது முறை மனம் ஓடும். ஓடியது தெரிந்து பாதத்துக்குத் திரும்புகிறீர்களே, அந்தத் திரும்பல்தான் பயிற்சி. ஐம்பது முறை ஓடினால் ஐம்பது முறை பழகினீர்கள் என்று அர்த்தம். திரும்பும்போது திட்டாமல் திரும்புங்கள். தெருவுக்கு ஓடிய குழந்தையைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வருவோம் அல்லவா, அந்த மாதிரி.

தூக்கம் வந்தால் நின்றுகொண்டு செய்யுங்கள். ஒரு வாரம் ஐந்து நிமிடம் தொந்தரவில்லாமல் போனால் அடுத்த வாரம் எட்டு. பத்துக்கு மேல் இப்போது வேண்டாம். நாளுக்கு ஓர் ஆப், ஓர் ஆசிரியர் என்று மாற்றிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். ஒரே முறையைப் பத்து நாள் செய்தால்தான் அது உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று தெரியும்.

7. ஐந்தாம் வாரம்: எண்ணத்தை எண்ணமாகப் பார்ப்பது

தியானமும் மனச்சோர்வும் உண்மையில் சந்திக்கும் இடம் இது. அவசரப்படாமல் படியுங்கள்.

சோர்வு வந்து போன மனத்துக்கு ஒரு தடம் பதிந்திருக்கிறது. சின்ன வருத்தம் வந்தால் போதும், "ஏன் எனக்கு மட்டும் இப்படி, என்னிடம் என்ன குறை" என்று அசைபோடத் தொடங்கும். மாடு அசைபோட்டால் தீனி செரிக்கும். நாம் இப்படி அசைபோடுவது செரிப்பதே இல்லை, ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் கசக்கும். பழைய வருத்தத்தை மறுபடி நோயாக மாற்றுவதில் இந்தச் சுழலுக்குப் பெரிய பங்கு உண்டு. பயிற்சி வருத்தத்தைத் தடுக்காது. வருத்தத்துக்கும் சுழலுக்கும் நடுவில் ஓர் இடைவெளியை உண்டாக்கும்.

ஆபத்து என்னவென்றால், அசைபோடுவதும் தியானம் செய்வதும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பல பேர் இருபது நிமிடம் "தியானம்" என்று அசைபோட்டுவிட்டு எழுந்திருக்கிறார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி: உள்ளே ஓடும் வாக்கியம் "ஏன்" என்று தொடங்குகிறதா? அப்படியென்றால் அது அசைபோடுவது. "இப்போது என்ன இருக்கிறது" என்று கேட்கிறதா? அது கவனிப்பது.

செய்யும் முறை இது. 6ஆம் படிபோலத் தொடங்குங்கள். கனமான எண்ணம் ஒன்று வந்தால் அதன் கடைசியில் "என்று ஓர் எண்ணம் வருகிறது" என்பதைச் சேருங்கள். "நான் எதற்கும் லாயக்கில்லை" என்பது "நான் எதற்கும் லாயக்கில்லை என்று ஓர் எண்ணம் வருகிறது" என்று ஆகும். தமிழில் இது எவ்வளவு இயல்பாக வருகிறது பாருங்கள். "என்று" சேர்ந்ததும் தீர்ப்பு ஒரு செய்தியாகிவிடுகிறது. அடுத்து, அந்த எண்ணம் உடம்பில் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். தொண்டையா, வயிறா, தோளா? இரண்டு மூன்று மூச்சு அங்கே இருந்துவிட்டுப் பாதங்களுக்குத் திரும்புங்கள்.

எண்ணத்தோடு வாதாட வேண்டாம். "இல்லை, நான் லாயக்கானவன்" என்று பதில் சொன்னால் வழக்கு மன்றம் கூடிவிடும், சாட்சிகள் வருவார்கள், சுழல் தொடங்கிவிடும். எண்ணத்தைத் தேடியும் போகாதீர்கள். வந்தால் பெயர் சொல்லுங்கள், வராவிட்டால் பாதம் இருக்கிறது.

ஒரே எண்ணம் மூன்று முறை திரும்ப வந்து கனம் கூடினால் அன்றைக்குப் போதும். எழுந்து நடங்கள். பாதியில் எழுந்தது தோல்வி இல்லை, வெப்பம் ஏறும்போது அடுப்பைக் குறைப்பது போன்ற பக்குவம் அது.

8. ஆறாம் வாரம் முதல்: மூன்று நிமிட இடைவேளை

பயிற்சி நாற்காலியோடு நின்றுவிடக் கூடாது. ஒரு நாளில் மூன்று முறை, முன்பே முடிவுசெய்த நேரங்களில், மூன்று நிமிடம் நிறுத்துங்கள். முதல் நிமிடம்: இப்போது என்ன எண்ணம், என்ன உணர்வு, உடம்பில் என்ன. இரண்டாவது: மூச்சு அல்லது பாதம் மட்டும். மூன்றாவது: முழு உடம்பும், சுற்றியுள்ள சத்தங்களும். பஸ்ஸிலும் செய்யலாம். மனம் நன்றாக இருக்கும்போதே பழகினால்தான் கெட்டுப்போகும் நேரத்தில் கைக்கு வரும்.

9. எப்போது நிறுத்த வேண்டும்

தியானம் எல்லோருக்கும் எப்போதும் நன்மைதான் என்பது உண்மை இல்லை. உட்கார்ந்த பிறகு பழைய கொடுமைகள் கண்முன் ஓடுவது, நானோ உலகமோ நிஜமில்லை என்று தோன்றுவது, தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியாமல் பொங்கும் உற்சாகம், உணர்ச்சியெல்லாம் மரத்துப்போவது, சாகும் எண்ணம் கூடுவது, இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். "இது சுத்திகரிப்பு, தாங்கிக்கொள்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பத்து நாள் மௌன முகாம்களைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம்போல உட்கார்வது, பேச்சு இல்லை, போன் இல்லை. சோர்வின் நடுவில் இருப்பவருக்கு அது ஏற்றதல்ல. பல மாதம் நன்றாக இருந்து, மருத்துவரும் சரி என்ற பிறகு பார்க்கலாம். விண்ணப்பத்தில் மனநலம் பற்றிக் கேட்டால் மறைக்காமல் எழுதுங்கள். அந்தக் கேள்வி உங்கள் பாதுகாப்புக்காகத்தான் இருக்கிறது.

"என்னை நானே நேசிக்கிறேன்" வகைத் தியானங்களையும் தள்ளிவையுங்கள். சுயவெறுப்பு கொதிக்கும்போது அந்த வாக்கியம் பொய்யாக ஒலித்து இன்னும் வலிக்கும்.

10. தேறிய பிறகு: திரும்பி வரும் சுவடுகளை எழுதிவையுங்கள்

நோய் ஒரே நாளில் திரும்புவதில்லை. வரும் வழியில் சுவடு விடும், ஒவ்வொருவருக்கும் அது வேறு. என்னுடையவை: அம்மாவின் போனை எடுக்காமல் விடுவது, செய்தித்தாள் பிரிக்காமல் சேர்வது, தலைக்கு எண்ணெய் வைக்கத் தோன்றாதது, மூன்று மணி விழிப்பு. உங்களுடைய ஐந்தைக் கண்டுபிடியுங்கள். நினைவு வராவிட்டால் வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள்.

பட்டியலை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, 3ஆம் படியில் சொன்ன அந்த மனிதரிடம் ஒரு பிரதி கொடுங்கள். அதற்குக் கீழேயே செய்ய வேண்டியதையும் எழுதுங்கள், அந்த நேரத்தில் யோசிக்கத் தெம்பு இருக்காது. என் பக்கத்தில் இப்படி இருக்கிறது: இரண்டு சுவடு ஒரு வாரம் தொடர்ந்தால் உட்காரும் நேரத்தைப் பாதியாகக் குறைத்து நடையைக் கூட்டு. கேள்வித்தாளை நிரப்பு. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்த வாரமே மருத்துவரைப் பார். பெரியக்காவுக்குப் போன் செய்.